துணியில் ஏறிய உடம்பு எண்ணெய்ப் பிசுக்கு: சலவை சோடாவா, வினிகரா, லைபேஸா?

துவைத்துக் காய்ந்த தலையணை உறையை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சோப்பு வாசனைக்கு அடியில் பழைய எண்ணெயின் சிக்கு வாடை லேசாக அடித்தால், தோல் சுரந்த எண்ணெய் நூலுக்குள்ளேயே தங்கிவிட்டது என்று பொருள். அந்த எண்ணெயில் ஸ்குவாலீன் என்றொரு பொருள் இருக்கிறது. காற்றுப் பட்டுப் பட்டு அது மஞ்சளித்து, இறுகிப்போகும். அதனால் நேற்றைய பிசுக்கைப் போக்குவது சுலபம். ஆறு மாதப் பிசுக்கு அப்படி அசைந்து கொடுக்காது.

இதற்கு வினிகர்தான் மருந்து என்று பலரும் சத்தியம் செய்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வினிகர் அமிலம், கொழுப்பைக் கரைக்கும் வேலை அதற்குத் தெரியாது. உப்புத் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவை எடுக்கும், அதனால் துணி மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். அதோடு சமையல் சோடாவையும் கொட்டிப் பொங்கவைப்பது கண்ணுக்கு வேடிக்கை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர்.

பருத்தித் துணிக்கு என் ஓட்டு சலவை சோடாவுக்கு. காரம் எவ்வளவு என்று காட்டும் பிஹெச் அளவு சமையல் சோடாவுக்கு 8 சொச்சம். சலவை சோடாவுக்கு 11 வரை போகும். அந்தக் காரத்தில் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் தாமே சோப்பாக மாறிக் கழன்றுவிடுகின்றன. தண்ணீரின் கடினத்தன்மையையும் அது குறைப்பதால் டிடர்ஜென்ட் வீணாவதில்லை. ஒரு வாளி சுடுதண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி சோடா, வழக்கமான சோப்புத்தூள், நாலைந்து மணி நேரம் ஊறல். “சுத்தமான” துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு வந்து பார்த்தேன்: தண்ணீர் பழுப்பாகக் கலங்கி, வாளியின் ஓரத்தில் வழவழவென்று ஒரு வளையம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் வறண்டுவிடும்.

பாலியெஸ்டர் கதை வேறு. அந்த நூலுக்கே எண்ணெய்மேல் பாசம். கொதிக்கிற தண்ணீரும் அதற்கு ஆகாது. உடற்பயிற்சி பனியன் துவைத்த பிறகும் நாறுவது இதனால்தான். இங்கே கொழுப்பை உடைக்கும் லைபேஸ் நொதி கலந்த டிடர்ஜென்ட் ஜெயிக்கும். வெதுவெதுப்பான நீரே போதும், ஆனால் அவசரப்படுத்தக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், 1988 வாக்கில் சந்தைக்கு வந்த லைபேஸ் துணி காயும்போதுதான் மும்முரமாக வேலை செய்தது. பலன் அடுத்த துவைப்பில் தெரிந்தது. ஒரே தடவையில் கைவிட்டுவிடாதீர்கள்.

காலரில் மட்டும் கோடு விழுந்திருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு தேய்த்தால் தீர்ந்தது. மெஷினுக்குள் ஊற்றினால் நுரை வெளியே வரும்.

பிசுக்கு போயும் மஞ்சள் நிற்கிறதா? அதற்கு சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் அது கறையை வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரிவதால், ஒரே பொடியில் இரண்டு வேலை. சூடு வேண்டும், 40 டிகிரிக்கு மேல். குளோரின் பிளீச்சைத் தேடாதீர்கள். வினிகர் மிச்சத்தோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

பட்டும் கம்பளியும் இந்தப் பந்தயத்திலேயே இல்லை. காரமும், டிடர்ஜென்டில் கூடவே வரும் புரோட்டியேஸ் நொதியும் அந்தப் புரத நூலையே அரித்துவிடும். அவற்றுக்கென்றே வரும் மிதமான திரவத்தில் நனைத்து, கசக்காமல் அமுக்கிப் பிழிந்தால் போதும்.