தகரப்பெட்டிக்கு எந்த நல்கை?

நீலகிரியின் சேரம்பாடியில், டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்து லயன் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒன்றில் ஒரு பாட்டி தன் தகரப்பெட்டியைத் திறந்து காட்டினார். இலங்கையிலிருந்து வந்து இறங்கியபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, இலங்கைத் தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், 'ராமானுஜம்' என்ற கப்பலில் ஏறுவதற்கு முன் எடுத்த ஒரு படம். ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது ஒரு கதை வந்தது. "பெட்டியக் கொண்டு போயிடாதீங்க தம்பி, இங்கயே வச்சுப் பாத்துக்குங்க" என்றார்.

இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் பற்றி அந்நாட்டுடன் செய்த 1964 ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாகச் சொன்னது 5,25,000 பேரை. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் இந்த அரசுத் தேயிலைத் தோட்டம் வந்தது. அன்று கொழுந்து பறிக்கச் சேர்ந்தவர்களில் இருப்பவர்கள் இன்று முதியவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயன் வீட்டை விட வேண்டியிருப்பதால் பெட்டிகளும் கைமாறி, காணாமல் போகின்றன.

இந்த நினைவுகளைச் சேகரிக்க நல்கை (நிதியுதவி) தேடும் கூடலூர், பந்தலூர் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எங்கே அதிகம் தருவார்கள்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்களிடம் இருப்பது காகிதமா, குரலா?

காகிதம் என்றால் இரண்டு வெளிநாட்டு வாசல்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் எண்டேஞ்சர்டு ஆர்கைவ்ஸ் (அழியும் நிலையில் உள்ள ஆவணங்கள்) திட்டம் 2004 முதல் நடக்கிறது. பெயர் பெற்றது, தொகையும் பெரிது. ஆனால் அதன் கண் பழைய ஆவணங்கள் மேல், ஏறக்குறைய 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை. 1964க்குப் பிந்தைய குடும்ப அட்டையை அங்கே கொண்டுபோவது வீண் அலைச்சல். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் நூலகம் நடத்தும் மாடர்ன் எண்டேஞ்சர்டு ஆர்கைவ்ஸ் திட்டம் இந்தக் காலத்துக்கென்றே வந்தது. திட்டமிடும் நல்கை 15,000 டாலர் வரை, முழுத் திட்டத்துக்கு 50,000 டாலர் வரை என்று அறிவித்திருக்கிறார்கள். இரண்டிலுமே அசல் நாட்டைவிட்டுப் போகாது, மின்படி மட்டும் இணையத்தில் பொதுவில் இருக்கும். பாட்டியின் நிபந்தனைக்கு இது இடம் தருகிறது. அப்புறம் ஒன்று யோசிக்க வேண்டும். குடும்ப அட்டையில் குழந்தைகள் உட்பட எல்லோருடைய பெயரும் இருக்கும். பொதுவில் போடலாமா என்று வீடு வீடாகக் கேட்காமல் விண்ணப்பம் எழுதவே கூடாது.

சிக்கல் பணம் வரும் வழியில் இருக்கிறது. வெளிநாட்டு நிதி வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், அல்லது அந்த ஒரு நிதிக்கு முன் அனுமதி வேண்டும். பதிவு கேட்கும் அமைப்பு மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும், கடைசி மூன்று நிதியாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்கவும் வேண்டும். லயனில் நாலு பேர் நடத்தும் படிப்பகத்துக்கு இது எட்டாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள நிறுவனம் தான் வாங்கிய நிதியை உங்கள் சங்கத்துக்கு மாற்றித் தரவும் முடியாது. பதிவுள்ள ஒரு கல்லூரியோ நூலகமோ திட்டத்தைத் தானே நடத்தி, உங்களை அதில் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளும் இடத்தைத் தேடவே ஆறு மாதம் போய்விடும்.

குரல் என்றால் கதையே வேறு. மேலே சொன்ன இரண்டும் இருக்கிற ஆவணங்களைக் காப்பதற்குத்தான், புதிதாகப் பேட்டி எடுப்பதற்கு அல்ல. இங்கே எனக்குப் பிடித்தது பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ். 1993இல் தொடங்கியது, தனிநபரே கேட்கலாம். எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பிக்கலாம் என்பது மிகப் பெரிய விஷயம். "செக்ரோலில் பேர் போடுவது" (தோட்டத்து ஆள் பதிவேட்டில் பெயர் ஏற்றுவது) என்பதைத் தமிழில் எழுதினால்தான் அதன் வலி தெரியும். ஆங்கிலத்தில் எழுதக் கூலிக்கு ஆள் பிடித்தால் அது வெறும் வருகைப் பதிவாகிவிடும். ஆனால் அவர்களுடைய அக்கறை கலை. "தாயகம் திரும்பியோர் வாழ்க்கை வரலாறு" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இலங்கை மலையகத்தில் ஆடிய காமன் கூத்து (மன்மதன் கதைக் கூத்து) இங்கே யார் நினைவில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கூத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கப்பலும் முகாமும் தாமாகவே வந்துவிடும்.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ஃபெல்லோஷிப் இன்னொரு வழி. பட்டதாரிகளுக்கு, 25 முதல் 40 வயதுக்குள் என்றால் மாதம் 10,000 ரூபாய், 40க்கு மேல் 20,000, இரண்டு ஆண்டுகள். பணம் மாதாமாதம் வராது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணையாக வரும். அதனால் கையில் வேறு வருமானம் இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி? கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பண்பாடும் பாரம்பரியமும் இருக்கின்றன, உண்மை. ஆனால் பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். தோட்ட முதலாளி ஒருவரின் பணத்தில் தோட்டத் தொழிலாளியின் குறையைப் பதிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

சேரம்பாடிக்கு என்றால் நான் பெங்களூருக்குத்தான் முதலில் எழுதுவேன். ஆட்கள் போய்விடுவார்கள், காகிதம் இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். அந்த இடைவெளியில் கல்லூரி ஒன்றைப் பிடித்து லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தயாராகலாம். பட்ஜெட்டில் ஒரு வரி மட்டும் மறக்காமல் சேருங்கள்: கையில் தூக்கிப் போகும் ஸ்கேனரும், அதற்கு ஜீப் வாடகையும். பெட்டி லயனைவிட்டு வராது, நாம்தான் போக வேண்டும். ஜூன் மழை பிடித்தால் பந்தலூர்ப் பக்கம் காகிதத்தை வெளியே எடுக்கவே முடியாது, ஆகவே அந்த வேலையை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் வையுங்கள்.