பேஸ்மேக்கர்: நிறுத்தும் வரிசையில்தான் இதன் அருமை

டேட்டாபேஸுக்கு முன்பே அப்ளிகேஷன் எழுந்துவிட்டால் லாக்கில் நாலு பிழைச் செய்திகள் விழும், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே அதன் அடியிலிருந்து டிஸ்கை உருவினால் அப்படிச் சரியாகாது. அதனால், பல சர்வர்கள் ஒன்றாக இயங்கும் லினக்ஸ் கிளஸ்டர்களில், சர்வர்களுக்கிடையே செய்தி கடத்தும் கோரோசிங்கோடு சேர்ந்து ஓடி, சேவைகளை எழுப்பி நிறுத்தும் மென்பொருளான பேஸ்மேக்கரை, அது சேவைகளை நிறுத்தும் விதத்தை வைத்தே எடைபோட வேண்டும். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. கவனிக்காமல் விட்ட சில இயல்பு மதிப்புகள்தான் காலை வாரும்.

வால்யூம் குரூப் (டிஸ்குகளைச் சேர்த்த தொகுப்பு), ஃபைல்சிஸ்டம், டேட்டாபேஸ், ஐபி முகவரி நான்கையும் இதே வரிசையில் பேஸ்மேக்கரின் ஒரு குரூப்பில் போட்டால் பாதி வேலை முடிந்தது. எழும்போது மேலிருந்து கீழ், நிற்கும்போது கீழிருந்து மேல், நான்கும் எப்போதும் ஒரே நோடில், அதாவது கிளஸ்டரின் ஒரே சர்வரில். ஐபி கடைசியில் இருப்பதால் நிறுத்தும்போது அதுதான் முதலில் விலகும், புதிய இணைப்புகள் உள்ளே வராது. டேட்டாபேஸ் அந்த ஒரு முகவரியில் மட்டுமே கேட்கும்படி அமைத்திருந்தால் ஐபியை அதற்கு முன் வையுங்கள்.

குரூப் வேண்டாமென்று தனித்தனி விதி எழுதுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வரிசை விதி வேறு, சேர்ந்திருக்கும் விதி வேறு. முதலாவதை மட்டும் எழுதினால் ஃபைல்சிஸ்டம் ஒரு நோடில் மவுன்ட் ஆகி முடிந்த பிறகு, டேட்டாபேஸ் இன்னொரு நோடில் எழ முயலும். வரிசை என்னவோ பிசகவில்லை!

‘எழுந்துவிட்டது’ என்பதை யார் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். ஒவ்வொரு சேவையையும் எழுப்பி, நிறுத்தி, நிலையைச் சொல்லும் சிறு நிரல்தான் ஏஜென்ட்; பேஸ்மேக்கர் அதன் பதிலைத்தான் நம்புகிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கான ஓசிஎஃப் (கிளஸ்டர் ஏஜென்ட்களுக்கான தரநிலை) ஏஜென்ட், டேட்டாபேஸ் உண்மையிலேயே பதில் தரும்வரை காத்திருந்துதான் வெற்றி என்று சொல்லும். லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் யூனிட்டை அப்படியே ரிசோர்ஸாக (பேஸ்மேக்கர் நிர்வகிக்கும் உருப்படியாக) சேர்த்து, அதன் வகை ‘சிம்பிள்’ ஆக இருந்தால், பிராசஸ் பிறந்த கணமே வெற்றி. அடுத்த ரிசோர்ஸ் உடனே கிளம்பி, தயாராகாத டேட்டாபேஸில் முட்டும். அப்ளிகேஷன் ஆதரித்தால், தயாரானதும் அதுவே சொல்லும் ‘நோட்டிஃபை’ வகைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால், போர்ட்டில் பதில் வரும்வரை காத்திருக்கும் சிறு ஸ்கிரிப்டை எழுதி, யூனிட்டின் ‘எக்ஸெக் ஸ்டார்ட் போஸ்ட்’ வரியில் வையுங்கள்.

இனி நிறுத்தம். நேரம் எதுவும் குறிப்பிடாத செயலுக்கு பேஸ்மேக்கர் தருவது 20 வினாடி. சிஸ்டம்டி வழக்கமாக 90 வினாடி பொறுக்கும். நிற்பதற்கு முன் செக்பாயின்ட் எழுதும் (நினைவகத்தில் உள்ளதை டிஸ்கில் சேர்க்கும்) டேட்டாபேஸ் 20 வினாடியைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். தாண்டினால் நிறுத்தம் தோல்வி. நிறுத்தத் தோல்விக்கு ஃபென்சிங்தான் தீர்வு, அதாவது பெரும்பாலும் நோடின் மின்சாரத்தையே வெட்டுவது. ஃபென்சிங் இல்லாத கிளஸ்டரில் இன்னும் மோசம்: ரிசோர்ஸ் முடங்கிக் கிடக்கும், வேறு நோடுக்கும் போகாது. மிகுந்த சுமையில் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அதைப்போல் இரண்டு மடங்கை நிறுத்த டைம்அவுட்டாக வையுங்கள். சிஸ்டம்டி வழி ஓடுவதென்றால் 120 வினாடிக்குக் குறையவே வேண்டாம்.

எல்லா நோடிலும் ஓடும் குளோன்களுக்கு (ஒரே ரிசோர்ஸின் பிரதிகளுக்கு) ‘இன்டர்லீவ்’, அதாவது தன் நோடில் உள்ள பிரதியை மட்டும் சார்ந்திருக்கும் அமைப்பு, இயல்பாக அணைந்திருக்கும். அதை இயக்காவிட்டால் ஒரு நோடில் லாக் சேவை மறுதொடக்கம் ஆனாலும், அதைச் சார்ந்த ஜிஎஃப்எஸ்2 (நோடுகள் பகிரும் ஃபைல்சிஸ்டம்) மவுன்ட் எல்லா நோடிலும் இறங்கி ஏறும்.

மூன்று நோடு கிளஸ்டர் முழுவதையும் அணைக்க ஒவ்வொன்றாக நிறுத்தாதீர்கள். சேவைகள் நோடு நோடாகத் தாவும், இரண்டாவது போனதும் கோரம் (இயங்கத் தேவையான பெரும்பான்மை) உடையும். பிசிஎஸ் என்ற கிளஸ்டர் நிர்வாகக் கருவியின் கிளஸ்டர் ஸ்டாப் கட்டளையை ‘ஆல்’ தேர்வோடு கொடுத்தால், எல்லா நோடிலும் முதலில் பேஸ்மேக்கரை நிறுத்தி, அதன் பிறகே கோரோசிங்கைத் தொடும். கிளஸ்டர் நிர்வகிக்கும் சேவையை சிஸ்டம்டியில் ‘எனேபிள்’ செய்து வைக்கவே கூடாது. பூட் ஆகும்போது எல்லா நோடிலும் அது தானாக எழுந்து நிற்கும்.

ஐஸ்கஸி (நெட்வொர்க் வழி டிஸ்க் இணைப்பு) போன்று கிளஸ்டருக்கு வெளியே உள்ள சார்புகளை சிஸ்டம்டியின் ‘ரிசோர்ஸ் ஏஜென்ட்ஸ் டெப்ஸ்’ டார்கெட்டில் சேர்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால், ரீபூட்டின்போது ஃபைல்சிஸ்டம் இறங்கும் முன்பே சிஸ்டம்டி டிஸ்க் இணைப்பைத் துண்டித்துவிடலாம். பிறகு அன்மவுன்ட் தொங்கும், டைம்அவுட் கடக்கும், ஃபென்சிங் விழும்.

மாற்றங்களை ஓடும் கிளஸ்டரில் போடும் முன் ‘சிஆர்எம் சிமுலேட்’ கருவியில் பார்த்துவிடலாம். எந்தச் செயலுக்குப் பின் எது நடக்கும் என்று வரிசையாகக் காட்டிவிடும். இதற்காகவே பேஸ்மேக்கருக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம். குறை என்றால், இந்த வரிசை விதிகள் ஒரு கிளஸ்டருக்குள் மட்டுமே செல்லும். டேட்டாபேஸ் ஒரு கிளஸ்டரிலும் அப்ளிகேஷன் இன்னொன்றிலும் இருந்தால், எது முன்னே எது பின்னே என்பதை வெளியிலிருந்து நீங்களே எழுத வேண்டும்.