மரத்தின் ஒலிச்சோதனையை நம்பி 42,000 ராண்ட் இழந்தேன்

டர்பனுக்கு அருகில் கூரைச் சட்டங்கள் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். மிட்லாண்ட்ஸ் பகுதித் தோட்டம் ஒன்றில் நிற்கும் பைன் மரங்களை வாங்க எண்ணி, அவற்றின் தரத்தை ஒலியால் அளந்து தருவதாகச் சொன்ன ஒரு சோதனை நிறுவனத்துக்குச் சென்ற மாதம் 42,000 ராண்ட்டை மொத்தமாக முன்கூட்டியே கட்டினேன். ஏமாந்தது முந்தாநாள்தான் தெரிந்தது.

சோதனை முறையை நான் குறை சொல்லவில்லை. தண்டில் மேலும் கீழுமாகச் சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு ஊசிகளை அறைந்து, ஒன்றைச் சுத்தியலால் தட்டினால், அதிர்வு மற்றதை எட்டும் நேரத்தைக் கருவி மைக்ரோவினாடியில் காட்டும். அதிர்வு விரைவாகச் சென்றால் மரம் விறைப்பானது என்று பொருள். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கியே விறைப்பைக் கணக்கிடுவதால், 90 சென்டிமீட்டர் இடைவெளியை ஒரு மீட்டர் என்று குறித்தாலே விறைப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்துவிடும்.

அளக்க வந்த இளைஞர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்ததும், "வணக்கம் அண்ணே" என்று தமிழில் பேசினார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தமிழ் நாவில் வராத இந்த ஊரில், அந்த ஒரு சொல்லுக்கு நான் இளகிப்போனேன். சுத்தியலை என் கையில் தந்து, "நீங்களே தட்டிப் பாருங்கள்" என்றார். திரையில் 250 வந்தது. "நொடிக்கு 4,000 மீட்டர் அண்ணே, முதல்தரம்!" என்றார். ஊசிகளுக்கு நடுவே அவர் டேப் பிடிக்கவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அறுபது மரங்களை அளந்ததாக அறிக்கை வந்தது. தோட்டக்காரரின் அனுமதியோடு அவற்றில் நான்கை மாதிரிக்கு வெட்டி அறுத்து, வளைவுச் சோதனைக்கு அனுப்பினேன். கட்டுமான மரத்துக்கான கீழ்த்தட்டுத் தரமான எஸ்5-க்குரிய 7,800 மெகாபாஸ்கல் விறைப்பைக்கூட அவை எட்டவில்லை. உடனே தோட்டத்துக்குப் போய் வரிசை வரிசையாகப் பார்த்தேன். ஊசி இறங்கிய பைனில் பிசின் கசிந்து மணிமணியாக உறைந்து நிற்கும். அப்படிப்பட்ட இரட்டைத் துளைகள் ஒன்பது மரங்களில்தான் இருந்தன; ஒன்பதும் வண்டிப்பாதை ஓரத்து மரங்கள். மற்ற ஐம்பத்தொரு எண்களும் எங்கிருந்து வந்தன?

முதல்முறை கேட்டபோது ஈரப்பதம்தான் காரணம் என்றார்கள். மறுமுறை, "நின்ற மரத்தைத்தான் அளந்தோம், அறுத்த பலகைக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். பிறகு மேலாளர் ஜோஹன்னஸ்பர்க் போயிருப்பதாகச் சொன்னார்கள். இன்று காலையிலிருந்து அழைப்பையே எடுக்கவில்லை. அண்ணே என்று அழைத்தவரும்தான். என் 42,000 ராண்ட் பட்டறையில் இருவரின் பல மாதக் கூலி.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கட்டாதீர்கள். டேப்பை நீங்களே பிடியுங்கள். அளந்த மரம் ஒவ்வொன்றிலும் வண்ணத்தால் எண் எழுதச் சொல்லுங்கள். பாதையோரத்தோடு நிற்காமல் தோட்டத்தின் நடுவிலும் அளக்கவைத்து, கடைசி மரம்வரை கூடவே நடங்கள்.