மாட்டுக்கு ஊசி போட வரும் தம்பி: லிந்துலைப் பக்கத்து அனுபவம்

தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு)ப் பின்னால் பட்டியில் கட்டிப்போட்டு மாடு வளர்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். கூட்டமாக மேயும் மாடென்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், சினைப் பருவம் வந்தது யாருக்கும் தெரிந்துவிடும். தனியாக நிற்கும் மாட்டில் கத்தலையும், வழும்பையும், பால் குறைவதையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். நாங்களோ காலையில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு)ப் போனால் கொழுந்து நிறுத்து வீடு வர அந்தியாகிவிடும். பருவம் நிற்பது பெரும்பாலும் 12 முதல் 18 மணித்தியாலம். அதுவும் பல மாடுகளுக்கு இராத்திரியிலேயே வந்து போய்விடும். தவறினால் இன்னும் 21 நாள் சும்மா தீனி போட வேண்டியதுதான்.

அதனால் சினை ஊசி, அதாவது காளையின் விந்தைச் செயற்கையாகச் செலுத்த வருகிறவர் யார் என்பது முக்கியம். எங்கள் பக்கம் மோட்டார் சைக்கிளில் வரும் இந்தத் தம்பியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நம்பரைப் பால் ஊற்றும் இடத்தில் கேட்டால் தருவார்கள்.

போனை எடுத்ததும் அவர் கேட்பது, "எத்தனை மணிக்குக் கத்தத் தொடங்கிச்சு அக்கா?" காலையில் என்றால் அந்திக்கு வருவார். அந்தியில் என்றால் மறுநாள் காலை. பருவம் அடங்கி 10, 12 மணித்தியாலம் கழித்துத்தான் முட்டை வெளிவருமாம், அவசரப்பட்டுப் போட்டால் வீண். இவருக்கு முன் வந்துகொண்டிருந்தவர் வழியில் நேரம் கிடைத்தபோது போட்டுவிட்டுக் காசை வாங்கிப் போவார். எங்கள் ஜெர்சி இன மாட்டுக்குச் சினை நிற்கவே இல்லை. மாமியார் கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டதுதான் மிச்சம்.

ஒருதடவை இந்தத் தம்பி வந்து வாலடியில் இரத்தக் கறையைப் பார்த்தார். காலம் கடந்துவிட்டது என்று ஊசி போடாமல், காசும் வாங்காமல் திரும்பினார். நாட்காட்டியில் குறித்து, 18ஆம் நாளிலிருந்து கவனிக்கச் சொன்னார். அடுத்த பருவத்தில் போட்டது நின்றது. மூன்றாம் மாதம் கையை விட்டுப் பார்த்து உறுதி சொன்னார்.

வேலையிலும் சுத்தம். திரவ நைதரசன் கேனுக்குள் குளிர் மைனஸ் 196 பாகை. அதிலிருந்து ஸ்ட்ரோவை (உறைந்த விந்து அடைத்த சிறு குழாயை) எடுத்து 35 பாகைக்கு மேல் சூடான தண்ணீரில் அரை நிமிடம் போல வைத்து, ஈரம் துடைத்து, விந்து செலுத்தும் துப்பாக்கி போன்ற கருவியில் ஏற்றி, சட்டைக்குள் சொருகிக்கொண்டு பட்டிக்கு ஓடுவார். எங்கள் குளிரில் கையிலேயே வைத்திருந்தால் உயிரணு மறுபடி குளிர்ந்து செத்துவிடுமாம்.

விந்தை உறைய வைக்கும் இந்த வித்தை எங்கே பிறந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 1949இல் லண்டனில் கிறிஸ் போல்ஜ் என்ற இளம் ஆய்வாளர் சேவலின் விந்தைச் சீனிக் கரைசலில் உறைய வைத்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். ஒரு போத்தலில் மட்டும் பிழைத்தது. ஆராய்ந்தால், லேபல் மாறி அதில் கிளிசரோல் இருந்திருக்கிறது! அப்புறம் மாட்டு விந்தையும் அப்படியே உறைய வைத்தார்கள். வாழ்நாள் முழுக்க அதே துறையில் இருந்தார் மனிதர். குளோனிங் முறையில் டொலி என்ற செம்மறியாட்டை உருவாக்கிய குழுவின் தலைவர் இயன் வில்மட் இவரிடம் படித்தவர்தான்.

இங்கே குண்டசாலையில் விந்து எடுக்கும் அரசாங்கக் காளை நிலையம் இருக்கிறது. அம்பேவெலப் பால் பண்ணைப் பெயரைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் பிரீசியன் இனக் காளையின் ஸ்ட்ரோதான் வேண்டும், பால் கூட என்று. தம்பி மாட்டைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். எங்கள் ஜெர்சி சின்ன உடம்பு, முதல் ஈற்று. பிரீசியன் கன்று பெரிதாக வந்தால் ஈனும்போது சிக்கிவிடும் என்று ஜெர்சி ஸ்ட்ரோதான் போட்டார். ஒன்பது மாதம் கழித்துப் பிறந்தது காளைக் கன்று. சரி, அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

குறையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்க மாட்டார், மாடு ஞாயிறு பார்த்துக் கத்துவதில்லை. பெருமழையில் எங்கள் மேட்டு லயத்துப் பாதையில் வண்டி ஏறாது, கீழே போய்க் கேனைத் தூக்கிவர ஆள் வேண்டும். ஊசி போட்ட நாளும் காளை நம்பரும் எழுதும் அட்டை சிங்களத்தில் மட்டும் இருக்கிறது. மாமியாருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும், எனக்குச் சிங்களம் பேச மட்டும் வரும். நான் தனியாகக் கொப்பியில் எழுதி வைக்கிறேன். கட்டணம் முன்னரே சொன்னதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்டதில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கூப்பிடுவதற்கு முன் கத்தத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர் வண்டியை எடுக்க மாட்டார்.