காரை வீட்டில் விட வைப்பது எது: இலவச பஸ்ஸா, கட்டணமா, கையில் காசா?

தினமும் கார் ஓட்டிப் பழகியவரை அதிலிருந்து இறக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. விழிப்புணர்வுப் பலகையைப் பார்த்து யாரும் சாவியை ஆணியில் மாட்டிவிடுவதில்லை. செய்து பார்த்த ஊர்களின் கதை என்ன?

எஸ்டோனியாவின் தலைநகர் தாலின் 2013 ஜனவரியில் ஊர்வாசிகளுக்கு பஸ், டிராம் எல்லாம் இலவசம் என்றது. புதிதாக ஏறியவர்களில் பெரும்பாலோர் அதுவரை நடந்து போனவர்கள். கார்க்காரர்கள் கொஞ்சம்தான். பெட்ரோல் போட்டு, இன்ஷூரன்ஸ் கட்டுகிறவருக்கு டிக்கெட் காசு ஒரு பொருட்டா? (நம் ஊரில் 2021-ல் வந்த மகளிர் இலவசப் பயணம் வேறு கணக்கு. அது காரைக் குறைக்க வந்ததல்ல.)

சிங்கப்பூர் நேர் எதிர். 1975-லேயே, காலை நேரத்தில் நகர மையத்துக்குள் நுழைய நாளொன்றுக்கு 3 வெள்ளிக்கு (அந்த ஊர் டாலர்) சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்றார்கள். 1998-ல் சீட்டு போய் மின்னணு வளைவு வந்தது. வளைவைக் கடந்ததும் காருக்குள் இருக்கும் கருவி ‘பீப்’ என்று ஒலிக்கும், கார்டில் காசு குறையும். 1990 முதல் கார் வாங்கவே தனி உரிமச் சான்று வேண்டும். 10 வருடம் செல்லும். அதன் விலை ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியதுண்டு. என்னைக் கேட்டால், இந்த இரண்டில் ஓட்டுவதைக் குறைப்பது அந்த ‘பீப்’தான். சான்று காரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும், சரி. ஆனால் அவ்வளவு கொட்டி வாங்கியவர் வண்டியைச் சும்மா நிறுத்தி வைப்பாரா?

ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நடந்ததுதான் ரொம்ப சுவாரசியம். 2005 ஆகஸ்டில் முதலில் கூடுதல் பஸ் விட்டார்கள். காரோட்டம் பெரிதாக அசையவில்லை. 2006 ஜனவரியில் நகருக்குள் நுழைய, வெளியேறக் கட்டணம் வந்ததும் ஐந்தில் ஒரு பங்கு வாகனம் குறைந்தது. முதலில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். ஜூலை வரை சோதித்துப் பார்த்துவிட்டு, செப்டம்பர் வாக்கெடுப்பில் நகரவாசிகளில் பாதிக்கு மேல் ‘இருக்கட்டும்’ என்றார்கள். 2007-ல் நிரந்தரமானது. அதற்காக பஸ் வீண் என்று அர்த்தமில்லை. காரை விட்டவர் ஏற ஏதாவது வேண்டுமே!

நாலாவது வழி அரசியலுக்கும் சுலபம். கலிஃபோர்னியாவில் 1992-ல் ஒரு சட்டம் வந்தது: வாடகைக்கு எடுத்த பார்க்கிங்கை ஊழியருக்கு இலவசமாகக் கொடுக்கும் நிறுவனம், வேண்டாம் என்பவருக்கு அந்தத் தொகையைப் பணமாகத் தர வேண்டும். நகரத் திட்டமிடல் பேராசிரியர் டொனால்டு ஷூப் இதைச் செய்த 8 நிறுவனங்களை ஆராய்ந்தார். தனியாகக் காரில் வந்தவர்கள் 76 சதவீதத்திலிருந்து 63 ஆனார்கள். யாரிடமும் காசு பிடுங்கவில்லை, திட்டு வாங்கவும் இல்லை. ஒரே சிக்கல், குறைந்தது 50 ஊழியர் இருந்தால்தான் சட்டம் செல்லும். சொந்த இடத்தில் பார்க்கிங் வைத்திருக்கும் நிறுவனத்தைச் சட்டம் தொடாது. ஊர் முழுக்க வேண்டுமென்றால் ஸ்டாக்ஹோம் வழி. ஒரு அலுவலகத்துக்கு மட்டும் என்றால், எச்.ஆர். நினைத்தால் அடுத்த மாதச் சம்பளத்திலேயே ஆரம்பிக்கலாம்.