மலை மேடைகளில் பேஸ் கிடார்: ஒரு பெடல், மூன்று டோன்

குன்னூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். ஞாயிறு என்றால் சர்ச், முகூர்த்த நாளென்றால் கோத்தகிரிப் பக்கம் படுகர் ஊர்களான ஹட்டிகள், மே மாதம் ஊட்டி சீசன் மேடைகள். ஒரே கிடார்தான், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அது வேறு மாதிரி பேச வேண்டும்.

அதற்காக ஆம்ப் (கிடார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) சுமப்பது இங்கே நடக்காது. ராக் பேஸ் ஒலிக்குப் பேர்போன ஆம்பெக் எஸ்விடி 1969-ல் வந்த 300 வாட் வால்வு ஆம்ப். ஸ்பீக்கர் பெட்டியை விடுங்கள், மேலே வைக்கும் ஹெட் மட்டுமே ஏறக்குறைய 40 கிலோ. கீபோர்டு, டிரம்ஸ், பாடகர்கள் எல்லோரும் ஒரே வண்டியில் நெருக்கியடித்துக் கொண்டைஊசி வளைவு ஏறும்போது அதற்கு எங்கே இடம்? அதனால் பல வருடமாக என் ஆம்ப் காலடியில் கிடக்கும் ஒரு பெடல்தான், காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி. ஆம்ப் இல்லாமலே ஆம்ப் ஒலியைத் தரும் இந்த வழியை 1989-ல் டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பிரபலமாக்கியது. நான் வைத்திருப்பது அதே வழியில் பின்னால் வந்த வேறொரு பெடல். மூன்று செட்டிங்கை மூன்று சானல்களாகச் சேமித்துக் காலால் மாற்றலாம், டிஐ என்ற நேரடி வெளியீடு வழியாக நேரே மிக்ஸருக்குப் போய்விடும்.

இதில் எனக்கு உயிரான நாப் (திருகு) 'பிளெண்ட்'. கிடாரின் சுத்தமான ஒலியோடு பெடல் உருவாக்கும் ஆம்ப் ஒலியை எவ்வளவு கலப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சர்ச்சில் உயரமான கூரை, எதிரொலி அதிகம். அங்கே பிளெண்டைக் கால்வாசிக்குமேல் ஏற்றமாட்டேன், ஒலியைக் கரகரப்பாக்கும் டிரைவ் கிட்டத்தட்ட பூஜ்யம், அடியொலிக்கான பேஸ் நாப்பையும் கொஞ்சம் குறைப்பேன். கோயரின் அடியில் உருண்டையாக நிற்கும்.

ஹட்டிக் கல்யாணம் அப்படியில்லை. வெட்டவெளி, மைக் செட்காரரின் சின்ன, தூண் வடிவ ஸ்பீக்கர்கள். "தம்பி, பேஸே கேக்கல, ஏத்து" என்பார் அந்த மைக் செட் அண்ணன். ஏற்றினால் ஸ்பீக்கர் இரையும், சுரம் கேட்காது. பேஸின் திறந்த (விரல் அழுத்தாத) ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்த ஸ்பீக்கரால் அதைக் கொடுக்கவே முடியாது. ஆனால் 82, 123 என்று அதன் மேல்சுரங்கள் கேட்டால் போதும், அடிச்சுரத்தை நம் காதே நிரப்பிக்கொள்ளும். டிரைவைக் கூட்டும்போது நடப்பது இதுதான், அது மேல்சுரங்களைச் சேர்க்கிறது. இரண்டாவது சானலில் டிரைவ் பாதி, பிளெண்ட் முக்கால், பேஸ் நடுவுக்கும் கீழே. வட்டமாக ஆடுகிறவர்களின் காலுக்கு அடி அப்போதுதான் கேட்கிறது.

மூன்றாவது சானல் இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளுக்கு. அவற்றில் பேஸ் பாடகருக்குப் பக்கத்தில் இன்னொரு குரல்போலப் போகும், ஒவ்வொரு சுரமும் பிரிந்து தெரிய வேண்டும். பிளெண்ட் பாதி, டிரைவ் கொஞ்சமாக, மேலொலியின் கூர்மைக்கான பிரசென்ஸ் குறைவாக. மீதி வேலை விரலுக்கு. கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் தள்ளி வாசித்தால் வரும் தெளிவை எந்த நாப்பும் தராது.

மூன்று சானலையும் தனியாக வாசித்துச் சரிபார்க்காதீர்கள். தனியே கேட்டால் டிரைவ் சானல் கரகரவென்று அசிங்கமாக இருக்கும், டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தால் அந்தக் கரகரப்பு மறைந்து சுரம் மட்டும் நிற்கும். சுத்தமான சானல் நேர்மாறு, தனியே அழகு, கூட்டத்தில் காணாமல் போகும். சவுண்ட் செக்கில் டிரம்மரை வாசிக்கச் சொல்லி, லெவலை அந்தச் சத்தத்துக்குள்தான் சமன் செய்கிறேன்.

குறையும் உண்டு. சானல் மாற்றினால் நாப்கள் நிற்கும் இடம் ஒன்று, கேட்கும் ஒலி வேறு. மேடை இருட்டில் ஒரு நாப்பைத் தெரியாமல் தொட்டாலே டோன் குதிக்கிறது. நடு அலைவரிசைகளுக்கான மிட் நாப் கிடையாது, இது பெரிய குறை. மிக்ஸரில் 500 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றித் தரும்படி அண்ணனிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஜெனரேட்டரில் ஓடும்போது உறுமல் வந்தால், டிஐ கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் பெரும்பாலும் காப்பாற்றிவிடும்.

அப்புறம் மலைக்கு மட்டுமான ஒன்று. பனியில் குளிர்ந்த கிடாரை மண்டபத்துக்குள் கொண்டுவந்ததும் டியூன் செய்யாதீர்கள். கம்பி சூடேற ஏற சுருதி இறங்கும். பெட்டியைத் திறந்துவைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து டியூன் செய்யுங்கள்.

இந்த வகைப் பெடல் வாங்குவதாக இருந்தால் கடையில் ஹெட்போனில் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். உங்கள் ஊர் மைக் செட்காரரிடம் கேட்டு அவருடைய ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். மிட் நாப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.