உளவாளியின் மனைவி: கணவன் ஒளித்து வைத்த அறைக்குள் ஒருத்தி

கியோஷி குரோசாவா இயக்கிய 'வைஃப் ஆஃப் எ ஸ்பை' 2020இல் வந்த ஜப்பானியப் படம். வெனிஸ் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம் வாங்கியது. 'செவன் சாமுராய்' எடுத்த அகிரா குரோசாவாவுக்கு இவர் உறவில்லை. போர்ப் படம் என்று குண்டுவீச்சை எதிர்பார்த்து உட்காராதீர்கள். பெரும்பாலும் ஒரு வீடு, ஓர் அலுவலகம், புருஷன், பெண்டாட்டி.

1940, கோபே துறைமுக நகரம். யூசாகு வசதியான வியாபாரி. கோட்டு சூட்டு, விஸ்கி, வெளிநாட்டு நண்பர்கள். அப்போது ஜப்பான் பிடியில் இருந்த வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியா போய்த் திரும்புகிறவன் ஒரு பெண்ணையும் கூட்டி வருகிறான். அப்புறம் அவள் பிணமாகக் கிடைக்கிறாள். இதை மனைவி சதோகோவின் காதில் போடுகிறவன் தாய்ஜி. சின்ன வயதிலிருந்தே பழக்கம், இப்போது ராணுவப் போலீஸ் அதிகாரி, அவள் மேல் பழைய ஆசை வேறு. சதோகோவுக்கு எந்த மனைவிக்கும் வரும் சந்தேகம்தான் வருகிறது.

விஷயம் அதைவிடப் பயங்கரம். மஞ்சூரியாவில் ஜப்பான் ராணுவம் உயிரோடு இருக்கும் மனிதர்கள் மேல் நோய்க்கிருமிச் சோதனை நடத்தியதற்கான ஆதாரம் யூசாகுவிடம் இருக்கிறது. கதை கற்பனை, சோதனைகள் நடந்தவை. மஞ்சூரியாவின் ஹார்பின் நகரம் பக்கத்தில் ஜப்பான் ராணுவத்தின் 731ஆம் பிரிவு செய்த கொடுமை அது. ஆதாரத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக நினைக்கிறான் யூசாகு.

அப்போது சதோகோ செய்யும் காரியத்தைச் சொல்ல மாட்டேன். அதனால் யூசாகுவின் உறவுக்காரப் பையன் ஃபுமியோவின் நகங்களைப் பிடுங்குகிறார்கள். அவள் முகத்தில் வருத்தத்தைத் தேடிப் பார்த்தேன். சதோகோவாக நடிக்கும் யு அவோயின் முகம் மலர்ந்திருக்கிறது! புருஷனின் ரகசியத்தில் பங்கு கிடைத்துவிட்டது, இனி இருவரும் ஒரே கட்சி, அவளுக்கு அது போதும். "இவளுக்குக் கிறுக்கு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அப்படிப் படவில்லை. நான் தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா எந்த அமைச்சகம் என்று தெரியும். உள்ளே என்ன வேலை என்று அம்மாவுக்கே தெரியாது. ஃபைலை மூடிவிட்டுச் சாப்பிட வருவார். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே அவர் முகத்தைப் பார்ப்பாள், வாய் திறந்து கேட்க மாட்டாள். சதோகோ கேட்கிறாள், விடாமல் கேட்கிறாள். அந்த வெறி எனக்குப் புரிந்தது.

ஒரு காட்சியைக் கவனியுங்கள். யூசாகு பொழுதுபோக்காக எடுக்கும் குட்டிப் படத்தில் சதோகோ முகமூடி போட்டுக்கொண்டு பெட்டகத்தைத் திறக்கிறாள். பிறகு முகமூடி இல்லாமல், நிஜமாகவே புருஷனின் பெட்டகத்தைத் திறக்கிறாள். எது நடிப்பு என்று தெரியாமல் அதற்கப்புறம் யாரையும் நம்ப முடியவில்லை.

குறையும் உண்டு. ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்ஹெச்கேவுக்காக 8கே என்ற மிகத் துல்லியமான வீடியோவில் எடுத்தது. சில இடங்களில் தெருவும் துணிமணியும் அப்போதுதான் இஸ்திரி போட்டது மாதிரி இருக்கின்றன. பேச்சும் அதிகம். ஆனால் எழுதியவர்களில் 'டிரைவ் மை கார்' இயக்குநர் ரியூசுகே ஹமாகுச்சி ஒருவர், அதனால் பேச்சிலேயே கத்தி இருக்கிறது.

கடைசியில் யூசாகு அவளைக் காப்பாற்றினானா, கழற்றிவிட்டானா? காப்பாற்றினான் என்கிறார் வீட்டுக்காரர். கழற்றிவிட்டான் என்பதுதான் என் கட்சி. படம் முடிந்ததும் திரையில் வரும் சில வரிகளைப் படிக்காமல் அணைத்துவிடாதீர்கள், எங்கள் சண்டையே அவற்றை வைத்துத்தான் ஓடுகிறது.